கணினி கேள்வி-பதில்: ஒரே ஃபைல், இரண்டு டிஸ்க்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வீட்டுக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுத வைக்கும் ‘மிரர்’ ஏற்பாடு. ரெய்டு 1 என்று சொல்வதும் இதைத்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். எந்தக் கம்பெனி டிஸ்க் சாகவே சாகாது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். எல்லாக் கம்பெனி டிஸ்க்கும் என் மேசைக்குச் செத்துத்தான் வந்திருக்கிறது.

கே: புகைப்படம், வீடியோ எல்லாம் சேர்ந்து 3 டெராபைட் இருக்கிறது. ஒரு 4 டெராபைட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். இப்போது இன்னொரு 4 டெராபைட் வாங்கிவிட்டேன். மிரர் போட்டுவிட்டால் இனி பேக்கப் எடுக்கவே வேண்டாம் என்கிறான் அண்ணன் மகன். போடலாமா சார்?

ப: வேண்டாம். புது டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போடுங்கள். எல்லாவற்றையும் அதில் காப்பி செய்யுங்கள். கழற்றி, கணினி இல்லாத அறையில் வையுங்கள். புதிதாகப் படம் சேரும்போதெல்லாம் எடுத்து மாட்டி, சேர்ந்ததை மட்டும் காப்பி செய்துவிட்டு மறுபடியும் கழற்றிவிடுங்கள். உங்களுக்கு இதுதான் சரி.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அண்ணன் மகனுக்கும் காட்டுங்கள். மிரர் ஒரே ஒரு ஆபத்துக்குத்தான் மருந்து: இரண்டில் ஒரு டிஸ்க் செத்துப்போவது. அப்போது மற்றது தொடர்ந்து ஓடும், நீங்கள் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஃபைல் தொலைவது பெரும்பாலும் டிஸ்க் சாவதால் இல்லை. தவறான ஃபோல்டரைத் தேர்ந்து டெலீட் அழுத்தினால் அந்த நொடியிலேயே இரண்டு டிஸ்க்கிலும் போய்விடும். ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால் இரண்டிலும் ஒழுங்காகப் பூட்டும். பவர் சப்ளை கெட்டுப்போய் மின்னழுத்தம் எகிறினால் ஒரே பெட்டியில் ஒரே கேபிள் கற்றையில் தொங்கும் இரண்டும் சேர்ந்து போகலாம். பெட்டியையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் சொல்ல வேண்டியதே இல்லை. போன மாதம் இருந்த ஃபைலைத் திரும்ப எடுக்கவும் மிரரால் முடியாது. அதற்குத் தெரிந்தது இந்த நிமிட நிலவரம் மட்டும்தான்.

மிரர் போடலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டிஸ்க் செத்து, புதிது வாங்கி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர இரண்டு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நாளில் உங்களுக்கு என்ன நஷ்டம்? ‘ஒன்றுமில்லை, படம் பார்க்க முடியாது, அவ்வளவுதான்’ என்றால் மிரர் தேவையில்லை, பேக்கப் போதும். ‘வாடிக்கையாளருக்கு நாளைக்கு வேலையைக் கொடுத்தாக வேண்டும்’ என்றால் மிரரும் வேண்டும், பேக்கப்பும் வேண்டும். பேக்கப் இல்லாமல் மிரர் மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

கே: வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஒரு நாள் கூட கணினி நிற்கக் கூடாது. பேக்கப் தனியாக எடுக்கிறேன். விண்டோஸ் 11 ஹோம் வைத்திருக்கிறேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மிரர் போடும் வசதி வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

ப: உங்களுக்கு மிரர் தேவைதான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருக்கும் மிரர், டைனமிக் டிஸ்க் என்ற பழைய முறையைச் சேர்ந்தது. அது ஹோம் பதிப்பில் கிடையாது, ப்ரோ பதிப்பில்தான் உண்டு. ப்ரோவுக்கு மாறிவிடாதீர்கள். டைனமிக் டிஸ்க்கைக் கைவிடும் பட்டியலில் மைக்ரோசாஃப்ட்டே சேர்த்துவிட்டது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே மிரர் செய்வதற்கு மட்டும்தான் அது இன்னும் பொருந்தும் என்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது ஸ்டோரேஜ் ஸ்பேசஸ், பல டிஸ்குகளைச் சேர்த்து மிரர் போட விண்டோஸிலேயே இருக்கும் வசதி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது, ஹோம் பதிப்பிலும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். புதிய பூல், அதாவது ஒன்றாகச் சேர்க்கும் டிஸ்குகளின் தொகுப்பு, உருவாக்கச் சொன்னால், இருக்கும் டிஸ்குகளைக் காட்டும். இங்கேதான் நிதானம் வேண்டும். டிக் செய்கிற ஒவ்வொரு டிஸ்க்கும் துடைத்து எடுக்கப்படும். இரண்டிலும் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே மேலே போங்கள். கணினியில் மூன்று நான்கு டிஸ்க் இருந்தால், தேவையில்லாததன் கேபிளை இந்த வேலை முடியும் வரை கழற்றி வைத்துவிடுவேன் நான். டிக் செய்ய அதுவே கண்ணில் படாதல்லவா.

அடுத்த பக்கத்தில் சிம்பிள், டூ-வே மிரர், த்ரீ-வே மிரர், பேரிட்டி என்று கேட்கும். டூ-வே மிரர் போடுங்கள். த்ரீ-வேக்கு ஐந்து டிஸ்க் வேண்டும், வீட்டுக்குத் தேவையில்லை. சிம்பிள் என்பதைத் தொடவே வேண்டாம். அதில் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து ஒரு பெரிய டிஸ்க் போல ஆகும், ஒன்று செத்தால் மொத்தமும் போகும். ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ் இருக்கட்டும்.

அளவு கேட்கும் இடத்தில் பலர் குழம்புகிறார்கள். இரண்டு 4 டெராபைட் மாட்டினால் பூலின் மொத்த அளவு 7.27 என்றும், நீங்கள் பயன்படுத்தக்கூடியது சுமார் 3.63 என்றும் காட்டும். டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். பிறகு டிஸ்க் சேர்ப்பீர்கள் என்று நம்பி அப்படி ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கொடுக்காதீர்கள். பூல் நிரம்பிவிட்டால், இடம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே எழுத மறுக்கும்.

கே: பழைய டிஸ்க்கில் டேட்டா இருக்கிறது, புதிது காலி. டேட்டாவை அழிக்காமல் இந்த இரண்டையும் மிரர் ஆக்க முடியுமா?

ப: ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் நேரடியாக முடியாது. முதலில் டேட்டாவை மூன்றாவது இடத்துக்கு நகர்த்த வேண்டும். விண்டோஸ் ப்ரோவின் டைனமிக் டிஸ்க் முறையில் டேட்டா இருக்கும் டிஸ்க்கோடு காலி டிஸ்க்கை மிரராகச் சேர்க்கலாம். லினக்ஸில் புது டிஸ்க்கை மட்டும் வைத்து ‘இன்னொன்று பிறகு வரும்’ என்று சொல்லி அரைகுறை மிரர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் டேட்டாவை காப்பி செய்து, அப்புறம் பழைய டிஸ்க்கைச் சேர்க்கும் வழி உண்டு.

எந்த வழியானாலும் ஒரு கட்டத்தில் உங்கள் டேட்டா ஒரே ஒரு டிஸ்க்கில், அதுவும் இடைவிடாமல் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பழைய டிஸ்க் தடுமாற ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எனவே மூன்றாவது இடம் எப்படியும் தேவை. முதல் கேள்விக்குச் சொன்ன யுஎஸ்பி டிஸ்க்தான் அது.

கே: மதர்போர்டு பயாஸில் ரெய்டு என்று ஒரு வசதி இருந்தது. அதை ஆன் செய்தேன். இப்போது விண்டோஸ் திறக்கவே இல்லை, நீலத்திரை வருகிறது. டேட்டா போய்விட்டதா?

ப: போகவில்லை, பயப்படாதீர்கள். பயாஸுக்குள், அதாவது கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரைக்குள், மறுபடி போய், சாட்டா மோடை முன்பு இருந்தபடி ஏஹெச்சிஐ என்று மாற்றிச் சேமியுங்கள். பழையபடி திறக்கும். டிஸ்க்கோடு பேசும் முறையை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், அதற்கான டிரைவரை விண்டோஸ் தொடங்கும்போது ஏற்றுவதற்குத் தயாராக இல்லை. நடந்தது அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: நீலத்திரையைப் பார்த்துப் பதறி, பயாஸின் ரெய்டு பக்கத்தில் ‘உருவாக்கு’, ‘தொடக்கு’ என்று எதையாவது அழுத்தியிருந்தால் கதை வேறு. அப்படி அழுத்தவில்லை என்று நம்புகிறேன்.

சரி, அந்த வசதியைப் பயன்படுத்தலாமா? என் கருத்தில் வேண்டாம். இன்டெல், ஏஎம்டி இரண்டு பக்கமும் இது இருக்கிறது. பெயர் பயாஸில் இருந்தாலும் உண்மையில் வேலையைச் செய்வது விண்டோஸில் ஓடும் டிரைவர்தான். அதனால் வேகம் அதிகமாகாது. மதர்போர்டு செத்து வேறு வகை மதர்போர்டு வாங்கினால், அந்த மிரரை அது அடையாளம் கண்டுகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பினாலே சிலருக்கு இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அது தெரியாமல் ஏதாவது ஒரு டிஸ்க்கில் மட்டும் எழுதி வைப்பார்கள். அதற்கப்புறம் எது புதியது, எது பழையது என்று பிரிப்பது பெரும்பாடு. ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பூலை அப்படியே இன்னொரு விண்டோஸ் கணினிக்கு மாற்றலாம். லினக்ஸ் மிரரை எந்த லினக்ஸ் கணினியிலும் திறக்கலாம், ஒரு டிஸ்க் மட்டும் மிஞ்சியிருந்தாலும் திறக்கலாம்.

கே: இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டுமா? 4 டெராபைட்டும் 6 டெராபைட்டும் சேர்க்கலாமா?

ப: சேர்க்கலாம். சிறியது எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். ஒரே மாடல் கட்டாயமில்லை. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டைவிட வேறு வேறு இடத்தில் வாங்கிய இரண்டு மேல் என்பேன். ஒரே தயாரிப்புத் தொகுதியில் ஒரே குறை இருந்தால், ஒரே அளவு உழைத்த இரண்டும் அடுத்தடுத்துப் படுக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. டிஸ்க்கின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா, எஸ்எம்ஆர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். சிஎம்ஆர் வகையில் டேட்டா எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி இருக்கும், கூரை ஓடு போல. ஒரு தடத்தைத் திருத்தி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் எழுதியாக வேண்டும். சும்மா வைத்திருக்கும் பேக்கப்புக்கு அது பரவாயில்லை. செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிதை மாட்டி முழுவதையும் மறுபடி எழுதும்போது மூச்சு வாங்கும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள சில டிஸ்குகளில் வெளியே சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயர் வந்தது. எனவே பெயரைப் பார்க்காமல் விவரத்தாளைப் பாருங்கள்.

கே: ரெய்டு 5 இன்னும் நல்லதாமே?

ப: முழுப் பிரதி வைக்காமல், டேட்டாவையும் அதை மீட்க உதவும் கணக்கையும் எல்லா டிஸ்க்கிலும் பரப்பி எழுதும் முறை அது. இரண்டு டிஸ்க் வைத்து அதைப் போட முடியாது, குறைந்தது மூன்று வேண்டும். ரெய்டு 1 முதல் 5 வரை எண் கொடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும், 1988-இல். மிரர் என்பது அவர்களுக்கு முன்பே இருந்தது. தாங்கள் ஆராயும் வழிகளிலேயே அதிகச் செலவு பிடிப்பது அதுதான் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். வாங்கியதில் பாதி இடம்தானே மிஞ்சுகிறது. ஆனால் மிரரில் ஒவ்வொரு டிஸ்க்கும் முழுப் பிரதி. வீட்டில் பிரச்சினை வரும்போது அந்த எளிமைக்கு விலை இல்லை.

கே: உபுண்டு பயன்படுத்துகிறேன். எம்டிஏடிஎம், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மூன்றில் எது?

ப: மூன்றும் லினக்ஸில் மிரர் போடும் வழிகள்தான். வித்தியாசம் எங்கே என்றால், இரண்டு பிரதியும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது. டிஸ்க் முழுதாகச் சாகாமல், எங்கோ ஒரு மூலையில் தவறான எழுத்தைச் சரியானது போலக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்டிஏடிஎம் மிரரில் இரண்டு டிஸ்க்கும் ஆளுக்கு ஒன்று சொல்லும், எது உண்மை என்று தெரிந்துகொள்ள அதற்கு வழி இல்லை. சோதனை ஓட்டினால் இத்தனை இடத்தில் பொருந்தவில்லை என்று எண்ணிக்கை சொல்லும், அவ்வளவுதான். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம், அதாவது சரிபார்க்கும் எண், எழுதி வைக்கின்றன. படிக்கும்போது செக்சம் பொருந்தாவிட்டால் மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்து, கெட்டதைத் திருத்தியும் விடும்.

பல ஆண்டு வைத்திருக்கப்போகும் டேட்டா என்றால் நான் இசட்எஃப்எஸ் பக்கம். பிடிஆர்எஃப்எஸ் போட்டால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு டிஸ்க் காணாமல் போனால் அது சாதாரணமாகத் திறக்க மறுக்கும். டிகிரேடட், அதாவது ‘ஒரு டிஸ்க் குறைந்தாலும் பரவாயில்லை’ என்று நீங்களே சொல்லித் திறக்க வேண்டும். தெரியாதவர்கள் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மட் வரைக்கும் போய்விடுகிறார்கள். எம்டிஏடிஎம் பழையது, பழகியது, யாரைக் கேட்டாலும் உதவி கிடைக்கும். அதையே ஏற்கெனவே வைத்திருப்பவர் மாற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

கே: இரண்டு எஸ்எஸ்டியை மிரர் செய்யலாமா?

ப: செய்யலாம். இரண்டிலும் ஒரே அளவு எழுதப்படுவதால் ஒரே அளவு தேயும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று புதிது, ஒன்று கொஞ்சம் ஓடியது என்று இருந்தால் கெடுதல் இல்லை.

கே: மிரர் போட்டு வெகு காலம் ஆகிறது. நேற்று தற்செயலாகப் பார்த்தால் ஒரு டிஸ்க் வேலை செய்யவில்லை என்று காட்டுகிறது. எப்போது போனதென்றே தெரியவில்லை. இப்போது முதலில் என்ன செய்வது?

ப: இப்போதாவது பார்த்தீர்களே. மிரர் உடைந்தால் கணினி எதையும் காட்டிக்கொள்ளாது, அதே வேகம், அதே ஃபைல். அதுதான் அதன் வேலையும்.

முதலில், கணினியை அணைக்காமல், மிஞ்சியிருக்கும் டிஸ்க்கிலிருந்து முக்கியமானதை வெளியே ஒரு டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். புது டிஸ்க் வாங்குவது, திருகு கழற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து, எது செத்தது என்று சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். கணினி சொல்லும் ‘டிஸ்க் 1’, ‘டிஸ்க் 2’ என்பதை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். கேபிள் மாறினால் அந்த எண்ணும் மாறும். செத்ததை விட்டுவிட்டு உயிரோடு இருப்பதைக் கழற்றி, அதையே துடைத்துவிட்டவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். நான் மிரர் போட்டுக் கொடுக்கும்போது, ஒவ்வொரு டிஸ்க்கின் விளிம்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டுத்தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுவேன். டிஸ்க்கை உள்ளே திருகிய பிறகு கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் எப்போதும் சுவர்ப் பக்கம்தான் இருக்கும்.

மூன்றாவது, உண்மையிலேயே செத்ததா என்று பாருங்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலை ஏதாவது ஒரு இலவச மென்பொருளில் திறந்தால் 5, 197, 198 என்ற எண்கள் இருக்கும். அவற்றுக்கு எதிரே மூல மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் பரப்பு கெடுகிறது, மாற்றிவிடுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள். சாட்டா கேபிளை மாற்றி மாட்டிப் பாருங்கள்.

புது டிஸ்க் மாட்டியதும் மறுபடி எழுதும் வேலை தொடங்கும். 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏழரை மணி நேரம். நடுவில் நீங்கள் எடிட்டிங் செய்தால் இன்னும் இழுக்கும். அந்த நேரம் முழுக்க ஒரே ஒரு நல்ல பிரதிதான் இருக்கிறது, எனவே கணினியை அதன் போக்கில் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் இதற்குத்தான் அது.

பிறகு, அடுத்த முறை தற்செயலுக்கு விடாதீர்கள். லினக்ஸில் எம்டிஏடிஎம் மின்னஞ்சல் அனுப்பும், முகவரி கொடுத்தால். விண்டோஸில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தை அவ்வப்போது திறந்து பாருங்கள், குறை இருந்தால் அங்கே எழுதியிருக்கும். புதிதாக மிரர் போடுகிறவர்களுக்கு: டேட்டா எதுவும் வைப்பதற்கு முன், கணினியை அணைத்து ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை எங்கே வருகிறது, எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டி, அது தன்னைச் சரிசெய்துகொள்வதையும் பாருங்கள்.

கே: மிரரில் இருக்கும் ஒரு டிஸ்க்கை வாராவாரம் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வேறொன்றை மாட்டினால் அதுவே பேக்கப் ஆகிவிடாதா? ஒரே கல்லில் இரண்டு மாங்காய்?

ப: யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வாரமும் மிரரை நீங்களே உடைக்கிறீர்கள். அதற்கப்புறம் அந்த ஏழரை மணி நேரம், வாராவாரம். மிரர் எதற்காகப் போட்டீர்களோ அந்தப் பாதுகாப்பு அவ்வளவு நேரமும் இல்லை. கணினி ஓடும்போதே கழற்றினால், பாதி எழுதிய ஃபைல் பாதியாகவே வெளியே போகும். பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டும்போது அதிலும் மிரரின் அடையாளம் இருப்பதால், எதிலிருந்து எதற்கு எழுத வேண்டும் என்பதில் சில நேரம் குழப்பம் வரும். தவறான திசையில் எழுதினால் ஒரு வார வேலை போச்சு. வாங்கிய மூன்றாவது டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டி, மாறிய ஃபைலை மட்டும் காப்பி செய்யும் மென்பொருள் ஒன்றைப் போடுங்கள். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி ஏற்கெனவே இருக்கிறது, லினக்ஸில் ஆர்சிங்க். வார இறுதியில் சில நிமிடத்தில் முடிந்துவிடும், மிரரையும் தொட வேண்டாம்.